பிரிட்டனில் படை அனுப்ப நாடாளுமன்ற ஒப்புதல் கட்டாயமா? 2013-ல் கேட்டார்கள், 2018-ல் கேட்கவில்லை. எப்படி?

திருச்சி செந்தில்

வணக்கம். குரூப் 1 தேர்வுக்குப் படிச்சிட்டிருக்கேன். நேத்து நூலகத்துல நானும் நண்பனும் போட்ட சண்டையில, நூலகர் எழுந்து வந்து "வெளிய மரத்தடியில போய்ப் பேசுங்கப்பா"ன்னு அனுப்பிட்டார். மரத்தடியிலயும் தீரல.

விஷயம் இதுதான். 2013 ஆகஸ்ட்ல சிரியா மேல தாக்குதல் நடத்த அப்போ பிரதமரா இருந்த கேமரூன் நாடாளுமன்றத்தைக் கேட்டார். 285-க்கு 272-ன்னு தோத்தார், விட்டுட்டார். 2018 ஏப்ரல்ல அதே சிரியா, அதே ரசாயன ஆயுதக் குற்றச்சாட்டு. அப்போதைய பிரதமர் தெரசா மே யாரையும் கேக்கல. விமானத்தை அனுப்பிட்டு, அப்புறம் சபைக்கு வந்து விளக்கம் சொன்னாங்க. அதுக்காக அவங்க பதவி ஒண்ணும் போயிடல.

நண்பன் என்ன சொல்றான்னா, ஒப்புதல் சட்டப்படி கட்டாயம், மே சட்டத்தை மீறிட்டாங்க. நான் சொல்றது, அப்படி ஒரு சட்டமே கிடையாது. "சட்டம் இல்லன்னா கேமரூன் எதுக்குடா நின்னார்?"னு கேட்டான் பாருங்க, அங்க நான் மாட்டிக்கிட்டேன். லண்டன்ல இருக்கறவங்க யாராவது சொல்லுங்க. தேடிப் பாருன்னு மட்டும் சொல்லாதீங்க, தேடிட்டுதான் வந்திருக்கேன்.

வெட்டிப்பேச்சு

குண்டு போடறதுன்னு முடிவு பண்ணிட்டா எவன் கையைத் தூக்கினா என்ன, தூக்காட்டி என்ன தம்பி. எல்லாம் டிவிக்காக.

குசினி மணியம்

வெட்டிப்பேச்சுத் தம்பி, அங்க கையைத் தூக்கிறேல்ல. நடந்துதான் வாக்குப் போடுறவை. அதிலயிருந்தே துவங்குறன், கொஞ்சம் நீளும்.

நான் கன வருசமா வெஸ்ட்மின்ஸ்ரரில, பாராளுமன்றத்துக்குக் கிட்ட ஒரு பப்பின்ர குசினியில நிண்டனான். பப்பின்ர பேர் வேண்டாம். அந்தப் பக்கத்துப் பழைய பப்புகள் சிலதில சுவரில ஒரு மணி இருக்கும். பாராளுமன்றத்தில வாக்கெடுப்பு எண்டா உள்ளுக்கு அடிக்கிற மணி அதே நேரத்தில இங்கயும் அடிக்கும். அடிச்சு எட்டு நிமிசத்தில கதவைப் பூட்டிப்போடுவினம். அதுக்குள்ள ஓடிப்போய், 'ஆம்' எண்டுறவை ஒரு வழியால, 'இல்லை' எண்டுறவை மற்ற வழியால நடக்கவேணும். வாசலில நிண்டு ஆக்களை எண்ணுவினம். எங்கட மணி குசினிக் கதவுக்கு மேல. வேலைக்குச் சேந்த முதல் கிழமை அது அடிக்க, நெருப்புப் பிடிச்சுப்போச்சாக்கும் எண்டு நான் பின்கதவால ஓடினனான்.

2013 ஆகஸ்ட் 29, வியாழக்கிழமை. பாராளுமன்றம் கோடை லீவில. செப்டம்பர் 2 தான் திறக்கிறதா இருந்தது. ஆகஸ்ட் எங்களுக்குச் செத்த மாசம், செஃப்பும் லீவில ஊருக்குப் போயிட்டார். நானும் ஒரு துருக்கிப் பெடியனும்தான் குசினி. ஆனா 21 ஆம் திகதி டமஸ்கசுக்குப் பக்கத்தில, கௌட்டாவில, நச்சு வாயு அடிச்சுச் சனம் செத்துப்போக, கேமரூன் லீவை உடைச்சு எல்லாரையும் கூப்பிட்டுப்போட்டார். அண்டைக்குப் பின்னேரமே மேசையெல்லாம் நிரம்பியாச்சு. வெளியில பதாகை பிடிச்ச சனம், உள்ளுக்கு ரை கட்டின சனம்.

ஒன்பதரைக்குக் கடைசி ஓடர். கண்ணாடி போட்ட ஒரு எம்பி மீனும் சிப்ஸும் கேட்டவர். எந்தக் கட்சி எண்டு எனக்குத் தெரியாது, தெரிஞ்சாலும் இதில எழுதன். கொண்டுபோய் வைக்க ஆள் காணாமல் நானே கொண்டுபோனனான். அவர் முள்ளுக்கரண்டியைத் தூக்கவும் மணி அடிக்கவும் சரியா இருந்தது. பத்து மணி. வாய் துடைக்கிற துணியை மீனுக்கு மேல விரிச்சு, "எடுத்துப்போடாதை, வாறன்" எண்டு கையைக் காட்டிப்போட்டு ஓடினார். அவருக்குப் பின்னால இன்னும் ஏழெட்டுப் பேர், ஒராள் பியர் கிளாசையும் கையில கொண்டு.

நாங்கள் ரீவியில பாத்தம். முதலாவது எதிர்க்கட்சியான லேபரின்ர திருத்தம். 220 ஆம், 332 இல்லை. உடனயே ரெண்டாவது மணி. அரசாங்கத்தின்ர பிரேரணை. 272 ஆம், 285 இல்லை. 7 பேர் மற்ற வழியால நடந்திருந்தா முடிவு மாறியிருக்கும். எங்கட மூலை மேசையில 7 பேர் தாராளமா இருக்கலாம். கேமரூனின்ர கட்சி ஆக்களே 30 பேர் எதிரா நடந்தவை, கூட்டுக்கு இருந்த லிபரல் டெமோக்ராட் ஆக்கள் 9 பேர். இதில ஒரு பகிடி. ஜஸ்ரின் கிரீனிங், மார்க் சிமண்ட்ஸ் எண்டு ரெண்டு மந்திரிமார் அவைக்குப் பக்கத்து அறையில ருவாண்டாவைப் பற்றிக் கதைச்சுக்கொண்டு இருந்ததில மணி கேக்கேல்லையாம், வாக்கைத் தவறவிட்டுட்டினம். எண்ணெய் கொதிக்க, புகைபோக்கி ஃபான் இரைய, குசினிக்குள்ள நிண்ட எங்களுக்குக் கேட்டது.

இனி செந்தில் தம்பியின்ர கேள்விக்கு வாறன். சட்டம் இல்லை, நீங்கள் சொன்னதுதான் சரி. பிரிட்டனில ஒரே புத்தகமா எழுதின அரசியலமைப்பு இல்லை. படையை அனுப்புறது முடியின்ர, அதாவது அரச குடும்பத் தலைமையின்ர அதிகாரம், அதை மந்திரிமார் முடியின்ர பேரில பாவிக்கினம். அரச தனியுரிமை எண்டு சொல்லுறது இதைத்தான். பாராளுமன்றத்தைக் கேட்டுத்தான் அனுப்பவேணும் எண்டு ஒரு வரியும் எங்கயும் இல்லை.

அப்ப ஏன் கேக்கினம்? 2003 ஈராக். பெப்ரவரி 15 லண்டனில நடந்த ஊர்வலத்துக்குப் பொலிஸ் சொன்ன கணக்கே 7.5 லட்சம், நடத்தினவை சொன்னது அதைவிட எவ்வளவோ கூட. அப்ப பிரதமரா இருந்த பிளேயரின்ர சொந்தக் கட்சியே பிளந்துபோச்சு. ரொபின் குக் மந்திரிப் பதவியை விட்டுப்போட்டு மார்ச் 17 பேசின பேச்சுக்கு எழும்பி நிண்டு கைதட்டினவை. அந்த அவையில கைதட்டுற வழக்கமே இல்லை. இந்த நெருக்கடியிலதான் பிளேயர் அடுத்த நாள் வாக்குக்கு விட்டார். 412-க்கு 149, வெண்டார். ஆனா படை அதுக்கு முதலே குவைத்தில போய் இறங்கி நிண்டது. போன படையைத் திருப்பிக் கூப்பிடு எண்டு சொல்ல எத்தினை பேருக்குத் துணிவு வரும்? 2011 லிபியாவில அதைவிட வடிவு. மார்ச் 19 குண்டு போடத் துவங்கி, 21 ஆம் திகதி வாக்கு, 557-க்கு 13. அந்த வருசம் வெளிவந்த அமைச்சரவைக் கையேட்டில, அவசரம் இல்லாத இடத்தில படையை அனுப்ப முதல் அவையில விவாதிக்க இடம் குடுக்கிறது மரபு எண்டு எழுதிப்போட்டினம். கையேடுதான், சட்டம் இல்லை.

2013 இல கேமரூன் ஏன் நிண்டார் எண்டு கேட்டியள். அந்தப் பிரேரணையை வாசிச்சுப் பாத்தியள் எண்டா சிரிப்பு வரும். அது அடிக்கச் சொல்லிக் கேட்டதே இல்லை. நேரடியா இறங்க முதல் இன்னொருக்கா வாக்கெடுப்பு வைப்பம் எண்டு அதிலயே எழுதிக் கிடந்தது. லேபரின்ர திருத்தமும் அடிக்கவே கூடாது எண்டு சொல்லேல்ல, ஐ.நா. பரிசோதகர் முதல் சொல்லட்டும், ஆதாரம் வரட்டும் எண்டதுதான். ரெண்டும் தோத்தது. 'ஒருக்காலும் வேண்டாம்' எண்டு ஆரும் பிரேரணை கொண்டுவரேல்ல, ஆனா அண்டைக்கு இரவு அதுதான் முடிவா வந்து நிண்டது. முடிவு வந்த உடன லேபர் தலைவர் மிலிபாண்ட் எழும்பி ஒண்டு கேட்டார்: அரச தனியுரிமையைப் பாவிச்சு இனி அடிக்கமாட்டன் எண்டு உறுதி தாங்கோ. யோசிச்சுப் பாருங்கோ, தோத்த பிறகும் அதைக் கேக்கவேண்டிக் கிடந்தது. சட்டப்படி அந்தாள் அடுத்த நாளே அனுப்பியிருக்கலாம். கேமரூன் எழும்பி, சனத்துக்கு விருப்பமில்லை எண்டதைப் பாராளுமன்றம் காட்டிப்போட்டுது, எனக்கு விளங்குது, அரசாங்கம் அதன்படி நடக்கும் எண்டார்.

2018. ஏப்ரல் 7 சிரியாவின்ர டூமாவில நச்சு வாயு. 14 சனிக்கிழமை விடியப்புறம் சைப்பிரசில இருக்கிற அக்ரோத்திரித் தளத்தில இருந்து நாலு ரொர்னேடோ போர் விமானம் போச்சு. அப்ப ஈஸ்ரர் லீவு, திங்கக்கிழமை அவை திறக்கிறது. ரெண்டு நாள் பொறுக்க ஏலாதோ எண்டு எதிர்க்கட்சி கேட்டது, போர் அதிகாரத்துக்கு ஒரு சட்டமே வேணும் எண்டு அப்ப லேபர் தலைவரா இருந்த கோர்பின் நிண்டார். அமெரிக்காவோடயும் பிரான்சோடயும் சேந்து செய்யிறது, வெளியில விட்டா இரகசியம் போயிடும் எண்டு மே சொன்னா. எனக்கு அந்த நியாயம் பாதிதான் ஏறுது. 2013 இல லீவை உடைச்சுக் கூப்பிட முடிஞ்சது.

ஆனபடியா உங்கட சண்டைக்கு விடை: மணியை அடிக்கிறதும் விடுறதும் பிரதமரின்ர கையில. அடிச்சாப் பிறகு வாற முடிவை மீறத்தான் அரசியலில ஏலாது. மே அந்த மணியைத் தொடவே இல்லை. அந்தச் சனிக்கிழமை நான் வேலையில நிண்டனான், குசினிக் கதவுக்கு மேல ஒரு சத்தமும் இல்லை.

திருச்சி செந்தில்

அண்ணே, நூலகத்துல இருந்த எந்தப் புத்தகமும் இப்படிச் சொல்லல. நண்பனுக்கு அனுப்பிட்டேன், "மணி கதை நல்லாருக்கு, ஆனா சட்டமா ஆக்கிட்டா இந்தக் குழப்பமே வராதே"ன்னு பதில் வந்திருக்கு. அப்படி ஆக்கின நாடு இருக்கா? நம்ம நாட்டுல என்ன நிலைமை?

ஸ்டுட்கார்ட் சுமதி

இருக்கு செந்தில், நான் குடியிருக்கிற நாடே அதுதான். ஜெர்மனியில 1994 ஜூலை 12-ல அரசியலமைப்பு நீதிமன்றம் தீர்ப்பே சொல்லிடுச்சு, ஆயுதப் படையை வெளிநாட்டுக்கு அனுப்ப நாடாளுமன்ற ஒப்புதல் வேணும்னு. 2005-ல தனிச்சட்டமும் வந்தது. அரசு கொண்டுவர்ற தீர்மானத்துல எத்தனை பேர் வரைக்கும் அனுப்பலாம், எவ்வளவு காலம், என்ன வேலைக்கு, செலவு எவ்வளவுன்னு எழுதியே ஆகணும். காலம் முடிஞ்சா மறுபடி வந்து கேக்கணும்.

அதனால குழப்பம் வராதுன்னு நினைக்காதீங்க. 2001 நவம்பர் 16-ல அமெரிக்காவோட பயங்கரவாத எதிர்ப்புப் போருக்கு 3,900 பேர் வரைக்கும் அனுப்ப அனுமதி கேட்டப்போ, அப்போதைய பிரதமர் (சான்சலர்) ஷ்ரோடர் அதோட நம்பிக்கை வாக்கையும் சேர்த்து முடிச்சுப் போட்டுட்டார். வேணாம்னு நினைச்ச கூட்டணி எம்பிக்கள், வேணாம்னு போட்டா தங்களோட ஆட்சியே கவிழும். 334 வேணும், 336 கிடைச்சது. பசுமைக் கட்சியில எதிர்த்தவங்க எட்டுப் பேர் கணக்குப் பார்த்து, நாலு பேர் ஆதரவு, நாலு பேர் எதிர்ப்புன்னு பிரிச்சுப் போட்டாங்க. சட்டம் இருந்தும் மனசாட்சியை இப்படிக் கூறு போட வேண்டியிருந்தது.

வேலூர் மாஜி

இந்தியாவுல கிடையாது. அரசியலமைப்போட 53-வது பிரிவுப்படி முப்படைத் தலைமை குடியரசுத் தலைவர்கிட்ட, அவர் அமைச்சரவை சொல்றபடி நடப்பார். வெளிநாட்டுக்கு அனுப்ப ஓட்டெடுப்பு வேணும்னு எங்கயும் எழுதல. 2003-ல அமெரிக்கா ஈராக்குக்குப் படை கேட்டப்போ மக்களவை ஏப்ரல்லயே அந்தப் போரை எதிர்த்துத் தீர்மானம் போட்டிருந்தது, கண்டனம்னு அர்த்தம் வர்ற "நிந்தா"ங்கற இந்தி வார்த்தை போட்டு. ஆனா படை அனுப்பறதில்லன்னு ஜூலை 14-ல முடிவு எடுத்தது அமைச்சரவைக் குழுதான்.

எனக்குத் தெரிஞ்ச கணக்கு வேற. 1987 ஜூலை 29 கொழும்புல இந்திய-இலங்கை ஒப்பந்தம், மறுநாளே நம்ம அமைதிப்படை ஆளுங்க யாழ்ப்பாணத்துப் பலாலியில. நான் அக்டோபர்ல போனேன். ராத்திரி விமானம், எவ்வளவு நாள்னு கேட்டதுக்கு "பதினஞ்சு நாள் துணி எடுத்துக்கோ"ன்னு சுபேதார் சொன்னார். ரெண்டு வருஷத்துக்கு மேல ஆச்சு. 1,100 பேருக்கு மேல திரும்பல. 1990 மார்ச்ல கடைசி அணி சென்னைக்கு வந்தப்போ முதலமைச்சர் கலைஞர் வரவேற்கப் போகல. ஓட்டுப் போட்டு அனுப்பியிருந்தா அந்த மரியாதைக் குறைச்சல் வந்திருக்குமான்னு நான் இன்னைக்கும் யோசிப்பேன்.

குசினி மணியம்

வேலூர் ஐயாவுக்கு வணக்கம். நீங்கள் எழுதினதை வாசிச்சுப்போட்டு நேற்று ஒண்டும் எழுத ஏலாமல் போச்சு.

முதல் சின்ன விசயம். சட்டம் கடுமையா இருந்தா என்ன நடக்கும் எண்டதுக்கு எங்கட குசினித் துருக்கிப் பெடியனிட்ட ஒரு கதை இருந்தது. 2003 மார்ச் 1. 62,000 அமெரிக்கப் படை துருக்கிக்குள்ளால ஈராக்குக்குப் போக அனுமதி கேட்டு அங்கத்தைப் பாராளுமன்றத்தில வாக்கு. 264 ஆம், 250 இல்லை. வெண்டாச்சு எண்டுதான் முதல் நினைச்சவை. பிறகு ஆரோ கணக்குப் பாத்தினம். 19 பேர் ஆரோடயும் சேராமல் நிண்டவை, மொத்தம் 533 பேர், அதில பாதிக்கு மேல எண்டா 267 வேணும். மூண்டு வாக்குக் குறைவு. சாமானோட கடலில காத்துக்கொண்டு நிண்ட அமெரிக்கக் கப்பலுகள் சுயஸ் சுத்திக் குவைத்துக்குப் போச்சு. அவன் அப்ப அங்காராவில படிச்சுக்கொண்டிருந்தவன், ஊர்வலத்தில நிண்டவன். ஒவ்வொருக்கா மணி அடிக்கேக்கயும் "264 எண்டா தோல்வி" எண்டு சொல்லிச் சிரிப்பான். ஆனாப் போர் நிக்கேல்ல, வேற வழியால போச்சு.

மற்றது, நான் ஏதோ போருக்கு எதிரா எழுதுறன் எண்டு நினைச்சுப்போடாதையுங்கோ. 2009 ஏப்ரல் 6 இல இருந்து 73 நாள் பாராளுமன்றச் சதுக்கத்தில இருந்தது எங்கட சனம். வேலை முடிஞ்சு ஏப்ரனைக் கழட்டிப்போட்டு இரவிரவா நானும் போய் இருந்தனான். வன்னியில நடக்கிறதை நிப்பாட்டு, தலையிடு எண்டு தொண்டை கிழியக் கத்தினவன் நான். பகலில மணி அடிக்கும், எம்பிமார் எங்களைக் கடந்து ஓடுவினம், வேற ஏதோ விசயத்துக்கு. 2013 இல 'இல்லை' வெண்ட இரவு பப்பில கனபேர் சந்தோசப்பட்டவை, ஒரு கிழவி என்னைக் கட்டிப்பிடிச்சவ. ஈராக்கைப் பாத்த ஆக்கள், அவையில பிழை இல்லை. எனக்கு எந்தப் பக்கம் முகத்தை வைக்கிறது எண்டு தெரியேல்ல. கௌட்டாவில செத்த பிள்ளையளின்ர சொந்தக்காரர் ஆரும் அந்த நேரம் ரீவியைப் பாத்துக்கொண்டு இருந்திருப்பினமோ எண்டுதான் யோசனை போச்சு.

வேலூர் ஐயா, நீங்கள் சொன்ன அந்த யூலையில எனக்குப் பத்து வயசு. உரும்பிராய்ச் சந்தியில உங்கட லொறியளுக்கு மாலை போட நிண்டவையில நானும் ஒருத்தன். அம்மா கோத்த மல்லிகை மாலை, எனக்கு எட்டாமல் மாமா தூக்கிப் பிடிச்சவர். ஒக்ரோபருக்குப் பிறகு நடந்ததை நான் இதில எழுத வரேல்ல, நீங்களும் எழுதேல்ல. சுமதி சொன்ன அந்த ஜேர்மன் தாளை நினைச்சுப் பாத்தன். எத்தினை பேர், எத்தினை மாசம், என்ன வேலைக்கு. டெல்லியில ஆரும் எழும்பி இந்த மூண்டையும் கேட்டு, வாக்குக்கு முதல் பதில் சொல்லவேண்டி வந்திருந்தா, உங்கட சுபேதார் பதினைஞ்சு நாள் துணி எண்டு சொல்லியிருக்கமாட்டார்.

செந்தில் தம்பி, சோதினையில எழுதுறதெண்டா 'மரபு, சட்டமன்று, அமைச்சரவைக் கையேடு 2011' எண்டு எழுதினாக் காணும். மிச்சத்துக்குப் புள்ளி போடமாட்டினம்.

வேலூர் மாஜி

உரும்பிராய் வழியாப் போயிருக்கேன் தம்பி. மாலை போட்டப்போ நான் இல்ல. இருந்திருக்கணும்னு தோணுது.

வெட்டிப்பேச்சு

எல்லாரும் பெரிய விஷயம் பேசறீங்க, நான் முதல்ல சொன்னதை வாபஸ் வாங்கிக்கறேன். ஒரே ஒரு கேள்வி மணியம் அண்ணே. அந்த எம்பி திரும்பி வந்தாரா? மீன் என்னாச்சு?

குசினி மணியம்

வரேல்ல. அண்டைக்கு ஓடின ஒருத்தரும் திரும்பி வரேல்ல. பதினொண்டு மட்டும் சூட்டு விளக்குக்குக் கீழ வைச்சிருந்தன், சிப்ஸ் சவுத்துப்போச்சு. பிறகு நானும் துருக்கிப் பெடியனும் மீனைப் பாதி பாதியாச் சாப்பிட்டம். காசுக்கு நட்டமில்லை, பப்பில முதல் காசைக் கட்டித்தான் ஓடர் குடுக்கிறது.